வேவு பார்த்தவனின் சாட்சியம் செல்லுமா?

ஒருவரை அறிந்துகொள்வது வேறு. ஒருவரை வேவு பார்ப்பது வேறு. இரண்டிலும் பார்க்கும் கண் ஒன்றே, கேட்கும் காது ஒன்றே, எழுதும் கோலும் ஒன்றே. வேறுபடுவது நிய்யத் மட்டுமே. திருமறையின் ஹுஜுராத் அத்தியாயத்தில் இவ்விரண்டும் அடுத்தடுத்த வசனங்களில் வந்திருப்பது சிந்திக்கத்தக்கது. பன்னிரண்டாம் வசனம் பிறர் குறைகளைத் துருவித் தேடுவதைத் தடுக்கிறது. பதின்மூன்றாம் வசனமோ மனிதர்கள் பல சமூகங்களாகவும் குலங்களாகவும் ஆக்கப்பட்டதே ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகத்தான் என்று உணர்த்துகிறது. முன்னதை அரபியில் 'தஜஸ்ஸுஸ்' என்பர். பின்னதைத் 'தஆருஃப்' என்பர். ஒன்று விலக்கப்பட்டது, மற்றது விரும்பத்தக்கது. இதுவரை ஐயமில்லை.

ஐயம் எழுவது இதற்கு அப்பால்தான். ஒருவன் வேவு பார்க்கும் நோக்கத்தோடு நம் வீட்டுக்குள் நுழைந்து, கண்டதையெல்லாம் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டான். ஆண்டுகள் நூறு கடந்தன. நம் பாட்டனாரைப் பற்றி அறிய வேண்டுமானால் அவன் எழுதிய ஏட்டைத் தவிர வேறு ஏடு இல்லை. அந்த ஏட்டை நாம் ஏற்பதா, எரிப்பதா? விலக்கப்பட்ட செயலால் விளைந்த அறிவுக்கு மதிப்பு உண்டா? இஃது ஏதோ கற்பனைக் கேள்வியன்று. அரபு வளைகுடாவின் ஷைகு நாடுகளைப் பற்றியும், நம் தமிழகக் கடற்கரை முஸ்லிம்களைப் பற்றியும் இன்று எழுதப்படும் வரலாற்றில் பெரும்பகுதி இத்தகைய ஏடுகளின் மீதே நிற்கிறது.

கணக்கெடுத்தவர்கள் யார்?

வளைகுடாவை ஆங்கிலேயர் லண்டனிலிருந்து கண்காணித்தார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் நெடுங்காலம் அவர்கள் கண்காணித்தது இந்தியாவிலிருந்துதான். பாரசீகக் கரையில் உள்ள பூஷஹ்ர் நகரில் அமர்ந்திருந்த 'பொலிட்டிகல் ரெசிடெண்ட்' என்னும் அதிகாரி 1873 வரை பம்பாய் அரசாங்கத்துக்கும், அதன்பின் 1947 வரை இந்திய அரசாங்கத்துக்கும் கட்டுப்பட்டவர். அவருக்குக் கீழே பஹ்ரைனிலும் குவைத்திலும் மஸ்கத்திலும் 'பொலிட்டிகல் ஏஜண்டு'கள் இருந்தனர். அங்கே கடைத்தெருவில் புழங்கிய நாணயமும் நம் ரூபாயே. 1959-இல் வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சிடப்பட்டது. 1966-இல் இந்திய ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டபோது, அதுவரை அதனை வைத்திருந்த நாடுகளும் அதனைக் கைவிடலாயின.

ஆதிக்கம் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1819-இல் பம்பாயிலிருந்து சென்ற படை ராஸல் கைமாவைத் தாக்கியது. 1820-இல் கரையோர ஷைகுகளிடம் பொது உடன்படிக்கை ஒன்று பெறப்பட்டது. 1853-இல் நிரந்தரக் கடல் சமாதானம். 1892-இல், ஆங்கிலேயரைத் தவிர வேறெந்த வல்லரசோடும் தொடர்பு கொள்வதில்லை, நிலத்தை எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்ற வாக்குறுதி. 1899-இல் குவைத்தின் ஷைகு முபாரக்கிடமிருந்து அதே போன்ற இரகசிய ஒப்பந்தம். எண்ணெயைப் பற்றிய பேச்சு எழுந்ததும், ஆங்கிலேயரின் இசைவின்றி எவருக்கும் உரிமை வழங்குவதில்லை என்று குவைத் 1913-இலும், பஹ்ரைன் 1914-இலும், ஏனைய கரையோர ஷைகுகள் 1922-இலும் எழுதிக் கொடுத்தனர். பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்ததோ 1932-இல்தான்! நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது தெரியும் முன்பே அதற்குப் பூட்டுப் போட்டாயிற்று. அறிவு ஆதிக்கத்துக்கு எவ்வாறு முன்னோடியாகச் செல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

இந்த ஆதிக்கத்தின் கையேடாக எழுந்த நூல்தான் ஜே. ஜி. லோரிமர் தொகுத்த பாரசீக வளைகுடா கெஸட்டியர். லோரிமர் இந்திய சிவில் சர்வீஸைச் சேர்ந்தவர். புவியியல் பகுதி 1908-இலும் வரலாற்றுப் பகுதி 1915-இலும் வெளிவந்தன; வரலாற்றுப் பகுதி வெளிவரும் முன்னரே, 1914-இல், அவர் பூஷஹ்ரில் இறந்துவிட்டார். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஐயாயிரம் பக்கங்கள். ஓர் ஊரில் எத்தனை வீடுகள், எத்தனை பேரீச்ச மரங்கள், எத்தனை ஒட்டகங்கள், கிணறுகள் எத்தனை, எந்தக் குலத்தார் எங்கே வாழ்கின்றனர் என்பதெல்லாம் அதில் உண்டு. முத்துக்குளிப்புக்கென்றே தனி இணைப்பு உண்டு. வளைகுடாவில் ஏறத்தாழ 4,500 படகுகளும் 74,000 பேரும் அத்தொழிலில் ஈடுபட்டிருந்தனர் என்ற கணக்கை இன்றுவரை எல்லாரும் எடுத்தாள்வது அந்நூலிலிருந்துதான். ஆனால் அது மக்கள் படிப்பதற்காக அச்சிடப்பட்டதன்று. அரசாங்க அதிகாரிகளின் பயனுக்கு மட்டுமே உரியதாக வைக்கப்பட்டிருந்தது. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்கள் அதனைக் காணக்கூட இயலவில்லை. அறிந்துகொள்ளுதல் என்பது இருபுறமும் நிகழ்வது. ஒருபுறம் மட்டும் திறந்திருக்கும் சாளரத்துக்கு வேவு என்பதே பெயர்.

இங்கே மற்றோர் உண்மையையும் மறைக்கலாகாது. வேவு பார்த்தவர்கள் எல்லாரும் வெள்ளையர் அல்லர். ஷார்ஜாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் 1940-கள் வரை ஆங்கிலேயருக்காகச் செய்தி எழுதி அனுப்பிய ஏஜண்டுகள் அவ்வட்டாரத்து முஸ்லிம்களே. அரபி தெரிந்தவர்கள், ஷைகுகளின் மஜ்லிஸில் காப்பி அருந்தும் உரிமை பெற்றவர்கள், வணிகத் தொடர்பு உடையவர்கள். வெள்ளை அதிகாரியின் காது சென்று சேர முடியாத இடத்தில் இவர்களின் காது இருந்தது. ஆகவே 'அந்நியன் எழுதினான்' என்று சொல்லி முழுப் பொறுப்பையும் கடலுக்கு அப்பால் தள்ளிவிடவும் நமக்கு வழியில்லை.

செயல் வேறு, செய்தி வேறு

பட்டாபிராமில் என்னிடம் பாடம் கேட்கும் இளைஞர்களிடம் இரண்டு வகையான மனப்போக்கைக் காண்கிறேன். ஒரு சாரார், ஆங்கில அதிகாரி எழுதிவிட்டால் அது கல்லில் பொறித்த எழுத்து என்று கொள்கின்றனர். 'கெஸட்டியரிலேயே இருக்கிறது' என்பது அவர்களுக்கு இறுதித் தீர்ப்பு. மறு சாரார், 'எல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை' என்று ஒரே மூச்சில் ஊதித் தள்ளுகின்றனர். முன்னவருக்கு அடிமை மனம். பின்னவருக்குச் சோம்பல் மனம். இருவருமே ஏட்டைத் திறந்து படிக்கவில்லை என்பதில் மட்டும் ஒற்றுமை உண்டு.

நம் மார்க்க அறிஞர்கள் நமக்கு விட்டுச் சென்ற வழி இவ்விரண்டுக்கும் நடுவே செல்கிறது. புகாரி ஷரீஃபில் வரும் ஒரு நிகழ்ச்சி வாசகர்கள் அறிந்ததே. ரமளான் ஜகாத்தாகச் சேர்ந்த உணவுப் பொருளைக் காவல் காத்த அபூ ஹுரைரா (ரலி) அவர்களிடம் ஒரு திருடன் மூன்று இரவுகள் வந்தான். மூன்றாம் இரவு அவன் தப்பிக்கும் பொருட்டு, உறங்கும் முன் ஆயத்துல் குர்ஸீ ஓதினால் பாதுகாப்பு உண்டு என்று கற்றுக் கொடுத்தான். காலையில் பெருமானார் (ஸல்) அவர்கள் அதைக் கேட்டு, அவன் பொய்யனே ஆயினும் இதில் உண்மை கூறியிருக்கிறான் என்றும், வந்தவன் ஷைத்தான் என்றும் விளக்கினார்கள். இங்கே திருடனின் நோக்கம் நல்லதாகிவிடவில்லை. அவன் திருட்டும் மன்னிக்கப்படவில்லை. எனினும் அவன் சொன்ன சொல்லின் உண்மை அவன் குற்றத்தோடு சேர்த்து வீசி எறியப்படவுமில்லை. செயலுக்குத் தீர்ப்பு ஒன்று; செய்திக்குத் தீர்ப்பு மற்றொன்று.

ஹிஜ்ரத்தின்போது நாயகம் (ஸல்) அவர்களுக்கு வழி காட்டியவர் அப்துல்லாஹ் இப்னு உரைகித். அவர் அப்போது முஸ்லிம் அல்லர். ஆயினும் பாலைவனப் பாதையை அறிந்தவர், நம்பத்தக்கவர் என்று தேர்ந்து அமர்த்தப்பட்டார். ஒருவரின் கொள்கையைப் பார்த்து மட்டும் அவருடைய அறிவை அளப்பது நபிவழியன்று என்பதற்கு இது போதும்.

மூன்று உரைகற்கள்

ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளர்களை எடைபோட்ட முறையை மத்ரஸாக்களில் நாம் ஓதுகிறோம். அதன் நிபந்தனைகள் நபிமொழிக்கு உரியவை; வரலாற்றுக்கு அவற்றை அப்படியே பொருத்த இயலாது. ஆனால் அதில் பொதிந்துள்ள நியாயத்தைக் கடனாகப் பெறலாம்.

முதல் கேள்வி: சொல்பவர் நேரில் கண்டாரா, கேட்டுச் சொல்கிறாரா? இரண்டாவது: இச்செய்தியால் அவருக்கு ஆதாயம் உண்டா? தவறான கொள்கை உடையவரின் அறிவிப்பையும் வாய்மை காரணமாக ஏற்ற அறிஞர்கள், அதே செய்தி அவர் கட்சிக்கு வலுச்சேர்ப்பதாக இருந்தால் தயங்கி நின்றனர். இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்களின் நூலை ஓதியவர்கள் இதனை அறிவர். மூன்றாவது: அவர் தமக்கே எதிராகச் சொல்கிறாரா? ஃபிக்ஹு நூல்களில் 'இக்ரார்' என்னும் ஒப்புதலுக்கு உள்ள வலிமை நாம் அறிந்ததே. தன் தலைமீது தானே பழியை ஏற்றிக்கொள்பவன் பொய் சொல்வதற்குக் காரணம் குறைவு.

இம்மூன்று உரைகற்களில் ஆங்கிலேயரின் ஏடுகளை உரசிப் பார்ப்போம்.

'கடற்கொள்ளையர் கரை' என்று அவர்கள் அந்தக் கரைக்குப் பெயரிட்டனர். காஸிமீ குலத்தார் கடற்கொள்ளையர் என்ற குற்றச்சாட்டே 1819-இன் படையெடுப்புக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. இந்தச் செய்தியால் சொல்பவருக்கு ஆதாயம் உண்டா? உண்டு, கடல் வாணிகம் முழுவதும் அவர் கைக்கு வருகிறது. ஆகவே இந்தச் சாட்சியம் இரண்டாம் உரைகல்லில் தேறவில்லை. மேற்குக் கரையில் குஞ்ஞாலி மரைக்காயர்களைப் போர்த்துகீசியர் கொள்ளையர் என்று எழுதி, 1600-இல் கோவாவில் கடைசிக் குஞ்ஞாலியின் உயிரைப் பறித்ததும் இதே கதைதான். அங்கே நல்வாய்ப்பாக, ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் பதினாறாம் நூற்றாண்டிலேயே 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்ற அரபு நூலில் மறுதரப்பை எழுதி வைத்துவிட்டார்கள்.

காஸிமீகளுக்கு மறுதரப்பு எழுதப்பட்டது எப்போது? 1986-இல். எழுதியவர் அதே குலத்தில் பிறந்து ஷார்ஜாவின் ஆட்சியாளராக விளங்கும் ஷைகு ஸுல்தான் இப்னு முஹம்மத் அல்காஸிமீ. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டத்துக்காக அவர் உழைத்ததன் விளைவு அந்நூல். அவர் எதைக் கொண்டு மறுத்தார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. பம்பாய் ஆவணக் காப்பகத்தில் ஆங்கிலேயர் தாமே எழுதி வைத்த கடிதங்களைக் கொண்டு மறுத்தார்! குற்றம் சாட்டியவனின் பேரேட்டைப் புரட்டியே குற்றச்சாட்டை ஆட்டம் காணச் செய்தார். ஏட்டை எரித்துவிட வேண்டும் என்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்கட்டும். எரித்திருந்தால் எஞ்சியிருப்பது குற்றச்சாட்டு மட்டுமே. மறுப்புக்கான ஆதாரமும் சாம்பலாகியிருக்கும்.

நமக்கு எதிரான சாட்சியம்

இதுவரை சொன்னது நம் மனத்துக்கு இதமானது. இதமில்லாத பகுதி இனி வருகிறது.

அந்த ஆவணங்களுக்கு இடையே மற்றொரு வகை ஏடுகள் உள்ளன. அடிமைத் தளையிலிருந்து ஓடிவந்து ஆங்கிலேயரின் ஏஜன்ஸி வாசலில் நின்றவர்களின் வாக்குமூலங்கள் அவை. ஆப்பிரிக்கர், பலூசிகள் எனப் பலர். பிறந்த ஊர் எது, யார் கடத்தினார், எவருக்கு விற்றார், எத்தனை ஆண்டுகள் முத்துக்குளிக்க அனுப்பப்பட்டேன், ஏன் ஓடிவந்தேன் என்று அவர்கள் கூறியதை எழுத்தர் ஒரு தாளில் எழுதி, விடுதலைச் சான்று வழங்கியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளைச் சேர்ந்த இத்தகைய வாக்குமூலங்கள் நூற்றுக்கணக்கில் எஞ்சியுள்ளன.

இவற்றை வாசிக்கும்போது, 'நம்மை இழிவுபடுத்துவதற்காக எழுதியது' என்று சொல்லிக் கடந்துபோக நாவு எழுகிறது. அப்படிச் சொல்பவர்களின் வாதத்திலும் உண்மை இல்லாமல் இல்லை. கடலில் அடிமை வாணிகத்தைத் தடுப்பதாக உடன்படிக்கைகள் செய்த அதே ஆங்கிலேயர், கரையில் இருந்த அடிமை முறையைப் பெரும்பாலும் தொடாமல் விட்டனர். முத்து வாணிகம் குலையக்கூடாது, ஷைகுகளின் மனம் கோணக்கூடாது என்ற கணக்கு அதற்குள் இருந்தது. பஹ்ரைனில் 1937-இலும், கத்தரில் 1952-இலும், ஸவூதியில் 1962-இலும், ஓமானில் 1970-இலும்தான் அம்முறை சட்டப்படி ஒழிந்தது. ஆக, எழுதியவர் கை முற்றிலும் தூயதன்று.

ஆனால் அந்தத் தாளில் பேசுவது எழுத்தரா? பேசுவது ஓடிவந்த அந்த மனிதர். பலூசியில் தாய் தந்தையர் முஸ்லிம். அவரைக் கடத்தியவரும் முஸ்லிம், வாங்கியவரும் முஸ்லிம். ஓர் அடிமையை உரிமையிடுவதை நற்செயல்களில் உயர்ந்ததாகச் சொன்ன மார்க்கத்தைச் சார்ந்தவர்களின் படகில் அவர் மூச்சடக்கி மூழ்கினார். அவர் பெயரை நம்மவர் எவரும் எழுதி வைக்கவில்லை. அந்நிய ஆட்சியின் எழுத்தர்தான் எழுதினார். அந்தத் தாளைப் பொய்யென்று நாம் தள்ளினால், அந்த மனிதர் இரண்டாம் முறை கடத்தப்படுகிறார், இம்முறை வரலாற்றிலிருந்து.

நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் சரியே என்பது அந்நிஸா அத்தியாயம் தரும் போதனை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பது அல்மாயிதா அத்தியாயம் தரும் எச்சரிக்கை. காஸிமீகளுக்குச் சாதகமான கடிதத்தை 'ஆதாரம்' என்று உச்சிமேல் வைத்து, அடிமையின் வாக்குமூலத்தை 'அவதூறு' என்று காலால் ஒதுக்கினால், வாங்கும்போது ஒரு படி, கொடுக்கும்போது ஒரு படி வைத்திருக்கும் வணிகனுக்கும் நமக்கும் என்ன வேற்றுமை? அளவில் மோசம் செய்வோரைப் பற்றித் திருமறையில் ஓர் அத்தியாயமே உண்டு. சாட்சியத்தை அளப்பதற்கும் படி ஒன்றுதான் இருக்க வேண்டும்.

மன்னார்க் கடலோரம்

அரபுக் கடல் தொலைவில் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். நம் மன்னார் வளைகுடாவின் சலாபத்திலும் இதே காட்சி நிகழ்ந்தது. 1906-இல் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில், நம் கரையிலிருந்து சென்ற தமிழரோடும் முஸ்லிம்களோடும் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபியரும் ஒரே மணலில் தங்கினர். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை அரசு கொள்ளும். மூச்சடக்கி மூழ்கியவருக்கு ஒரு பங்கு. படகுகள் கரை திரும்பியதும் சிப்பிகள் 'கொட்டு' என்னும் அடைப்புக்குள் கொண்டு செல்லப்பட்டு அங்கே பங்கிடப்படும்.

அந்த அடைப்பைக் கண்காணிக்க அமர்த்தப்பட்ட இளம் அதிகாரிகளுள் ஒருவர் லெனார்ட் வூல்ஃப். 1904-இல் இலங்கை சிவில் சர்வீஸில் சேர்ந்தவர். கூட்டத்தை ஒழுங்குபடுத்த இரவு பகலாகக் கைத்தடியால் அரபியரை அடித்ததை அவர் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் தாமே எழுதினார். அதே மனிதர், அரபியர் தம்மை அதிகாரி என்று அஞ்சி ஒதுங்காமல் மனிதரோடு மனிதராகப் பழகியதையும் வியந்து எழுதினார். 1912-இல் வேலையை விட்டு விலகியபின் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து நூல்கள் இயற்றினார். இலங்கை நாட்களைப் பற்றிய அவருடைய தன்வரலாற்று நூல் 1961-இல் வெளிவந்தது.

மூன்றாம் உரைகல்லுக்கு இவரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அடித்தவனே அடித்ததைச் சொல்கிறான். அந்தக் கைத்தடியைப் பற்றி அடிபட்ட முக்குளிப்பாளர் எழுதிய ஏடு ஏதேனும் உண்டா? நான் கண்டதில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மன்னார் முத்துக்குளிப்பைப் பற்றி 1894-இல் எழுதினார். மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தார். 1909-இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மரைக்காயரையும் லெப்பையையும் பற்றி அறிய விரும்பும் மாணவன் இன்றும் முதலில் போய் நிற்பது அவர் வாசலில்தான்.

காரணம் நாமும்தான். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கல்விமான்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அரபுத்தமிழில் மார்க்க நூல்கள் குவிந்தன. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) போன்ற பெரியார்கள் அங்கே வாழ்ந்தனர். வாழ்வின் கடமைகளை விளக்கினார்கள். அஃது அவர்களுக்குரிய பணி, அதைச் செவ்வனே செய்தார்கள். ஆனால் கப்பல் வைத்திருந்த செல்வர்கள் தம் கணக்கேட்டைப் பாதுகாத்தார்களா? கடலில் மூழ்கியவர் எத்தனை பேர் கரை திரும்பவில்லை என்று எவரேனும் குறித்து வைத்தாரா? கரையான் அரித்த பேரேடுகளுக்கும் எழுதப்படாத வாழ்க்கைக்கும் தர்ஸ்டன் பொறுப்பல்லர்.

நம்மவரின் கண்

பார்ப்பவன் படையோடு வந்தாலே பார்வை கெட்டுவிடும் என்றும் சொல்ல முடியாது. அல்பீரூனீ இந்தியாவை அறிந்தது மஹ்மூத் கஜ்னவீயின் படையெடுப்புகள் திறந்த வழியில்தான். ஆனால் அவர் 1030-ஐ ஒட்டி எழுதிய நூலில் இந்நாட்டு மக்களின் கொள்கைகளை அவர்கள் நூல்களைக் கொண்டே விளக்கினார். மஹ்மூத் இந்நாட்டின் வளத்தைச் சிதைத்தார் என்பதையும் மறைக்காமல் பதிவு செய்தார்.

நம் மண்ணிலேயே இதைவிடக் கூர்மையான சான்று உண்டு. 1340-களில் மதுரை சுல்தானாக இருந்த கியாஸுத்தீன் தாமகானீயிடம் இப்னு பதூதா விருந்தினராக வந்தார். வெறும் விருந்தினர் அல்லர். இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்த சகலைகள். அந்த சுல்தான் பிடிபட்ட இந்துக்களைக் கழுவேற்றியதையும், அவர்களின் பெண்டிர் பிள்ளைகளையும் கொன்றதையும் இப்னு பதூதா தம் பயண நூலில் எழுதினார். எழுதியதோடு நில்லாமல், அது வெறுக்கத்தக்க கொடுமை என்றும், அதனாலேயே அல்லாஹ் அவருக்கு விரைவில் முடிவைத் தந்தான் என்றும் தீர்ப்பும் கூறினார். மார்க்கம் ஒன்று, உறவும் ஒன்று, உண்டது அவர் வீட்டுச் சோறு. சாட்சியமோ கொல்லப்பட்டவர் பக்கம். மதுரையின் அந்த நாட்களைப் பற்றி நாம் வெட்கமின்றித் தலைநிமிர்ந்து பேச ஒரு வழி இருக்கிறதென்றால், அதை முதலில் கண்டித்தவர் நம்மவர் என்பதுதான் அந்த வழி.

ஆகவே பார்ப்பவனின் மதம், நிறம், பதவி ஆகியவை எச்சரிக்கைக்கு உரியவை. தீர்ப்புக்கு உரியவை அல்ல. தீர்ப்பு கூற வேண்டியது, அவன் தன் பக்கத்துக்கு எதிராகவும் உண்மை பேசத் துணிந்தானா என்பதை வைத்தே.

இன்றைய கடன்

வேவு பார்ப்பது விலக்கப்பட்டதே. அது விலக்கப்பட்டதாகவே இருக்கட்டும். லோரிமரின் உழைப்பை வியந்து அவர் எசமானர்களின் நோக்கத்தை மறந்துவிட வேண்டியதில்லை. எனினும் அவர்கள் விட்டுச் சென்ற ஏடுகள் இன்று வழக்கு மன்றத்தில் கிடக்கும் சாட்சியங்கள். குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்பதும் தவறு. சாட்சிக் கூண்டில் ஏறவே விடாமல் துரத்துவதும் தவறு. எங்கள் ஊரில் இராணுவத்திற்காகப் போட்ட கிளைப்பாதையில் உள்ள நிலையத்தை இன்றும் மக்கள் 'மிலிட்டரி சைடிங்' என்றே அழைத்து, வேலைக்கும் பள்ளிக்கும் ரயிலேறுகின்றனர். போட்டவர் நோக்கம் ஒன்று. நடக்கும் பயன் மற்றொன்று. ஏடுகளுக்கும் இது பொருந்தும். 2014 முதல் அந்த வளைகுடா ஆவணங்களைப் பிரிட்டிஷ் நூலகமும் கத்தர் அறக்கட்டளையும் கூடி இணையத்தில் எவரும் காணத் திறந்து வைத்துள்ளன. ஒருபுறம் மட்டும் திறந்திருந்த சாளரம் இப்போது மறுபுறமும் திறந்திருக்கிறது. நம் பிள்ளைகள் அதனுள் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய கடன் ஒன்றுண்டு. அன்றைய முக்குளிப்பாளர் நாகுதாவிடம் முன்பணம் பெற்றுப் பருவத்துக்குப் பருவம் கடனிலேயே மூழ்கினார். 1920-களில் பஹ்ரைனில் ஒவ்வொரு முக்குளிப்பாளருக்கும் தனிக் கணக்குப் புத்தகம் வேண்டும் என்று சீர்திருத்தம் வந்தபோது, கப்பல் முதலாளிகளுக்கு அது கசந்தது. கணக்கு எழுதப்பட்டால் அநீதி வெளியே தெரிந்துவிடும் அன்றோ! இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் நகையை அடகு வைத்து, ஏஜண்டுக்குப் பணம் கட்டி, அதே கரைகளுக்குப் போகின்றனர். நல்ல முதலாளியிடம் சேர்ந்து வீடு கட்டியவரும் உண்டு. பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, பேசிய சம்பளம் கிடைக்காமல் திரும்பியவரும் உண்டு. இவர்களின் வாழ்வை யார் எழுதுகிறார்கள்? பணம் வந்த கணக்கை மட்டும் குடும்பம் எழுதி வைக்கிறது. பட்ட பாட்டை எழுதினால் மானம் போய்விடும் என்று அஞ்சுகிறோம். அரபியரின் குறையைச் சொன்னால் மார்க்கத்தைக் குறை சொன்னதாகிவிடும் என்றும் மயங்குகிறோம். அரபியர் வேறு, மார்க்கம் வேறு. அநீதியை அநீதி என்று சொல்வதால் மார்க்கம் தாழ்வதில்லை, மறைப்பதால்தான் தாழ்கிறது. அவ்வாறே, நன்மை செய்த அரபு முதலாளியின் பெயரையும் நன்றியோடு எழுத வேண்டும். அதுவும் சாட்சியத்தின் பங்குதான்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி பணிக்கும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். காசுக் கணக்குக்கே இத்துணை வற்புறுத்தல் என்றால், மனித வாழ்வின் கணக்குக்கு எவ்வளவு இருக்க வேண்டும்! நம் கதையை நாம் நீதியோடு எழுதாவிட்டால், நாளை வேறொருவர் வேறொரு நோக்கத்தோடு எழுதுவார். அப்போது, 'அவன் வேவு பார்த்து எழுதினான்' என்று குறைகூறும் உரிமை நமக்கு இருக்காது. பேரன் கேட்பான்: 'நீங்கள் ஏன் எழுதவில்லை?'